பாட்டை மாற்றிப் பாடலாம், பெயரை விழுங்கக் கூடாது



பதிவு நீளமானது. என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பழகியவர்கள் இதையும் படித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். பாதியில் எழுந்து போகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பாதி படித்துவிட்டு "டீச்சர் என் பக்கம்தான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். இதில் இரண்டு பக்கத்துக்கும் திட்டு இருக்கிறது.

விஷயம் இதுதான். என் தம்பி மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளும் அவள் நண்பர்களுமாக ஆறு பேர் சேர்ந்து ஆளுக்கொரு பாரதியார் பாட்டைப் பாடி, டிசம்பர் 11-ஆம் தேதி, பாரதி பிறந்த நாளன்று, யூடியூபில் போட்டார்கள். சினிமா கம்பெனி கிடையாது, ஸ்டுடியோ கிடையாது. வாடகை வீட்டு அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் பதிவு செய்தது. இப்படிச் சொந்தக் காலில் நின்று பாடுகிறவர்களை 'இண்டி' என்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் பாட்டைத் தங்கள் பாணியில் பாடினால் அது 'கவர்'. பலர் சேர்ந்து ஒருவருக்கு மரியாதையாக அப்படிச் செய்தால் 'ட்ரிப்யூட் ஆல்பம்'. நம் வழக்கில் காணிக்கைத் தொகுப்பு என்று சொல்லலாம்.

அவள் பாடியது 'சின்னஞ்சிறு கிளியே'. கூட ஒரே ஒரு கிட்டார். மெதுவாக, பக்கத்தில் தூங்கும் குழந்தை எழுந்துவிடுமோ என்பதுபோலப் பாடியிருந்தாள். எனக்குப் பிடித்தது. பெருமையோடு என் பக்கத்திலும் பகிர்ந்தேன்.

அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை. "அருமையான ராகமாலிகையைக் கொன்னுட்டா" என்றார் ஒரு மாமா. "பாரதியார் கல்லறையில் புரண்டு படுப்பார்" என்றார் இன்னொருவர். என் பழைய மாணவர்கள் நாலைந்து பேர், "டீச்சர், நீங்களே இதை ஆதரிக்கலாமா? தமிழை வளர்த்த நீங்களா?" என்று தனியாக எழுதினார்கள். மறுநாள் காலை அவள் அழுதுகொண்டே போன் செய்தாள். "அத்தை, எடுத்துடட்டுமா?" என்றாள். எடுக்காதே என்று அவளிடம் சொன்னதைத்தான் உங்கள் எல்லோருக்கும் காரணத்தோடு எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கல்லறை. பாரதியாருக்குக் கல்லறையே கிடையாது. 1921 செப்டம்பரில் கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் எரித்தார்கள். கல்லறையில் புரள்வது என்ற பேச்சே இங்கிலீஷ்காரன் பேச்சு. அந்நிய பாணி கூடாது என்று சொல்ல வந்தவருக்குக் கடன் வாங்கிய வசனம்தான் கிடைத்திருக்கிறது!

அடுத்து, அவள் கொன்றுவிட்டதாகச் சொல்லும் ராகமாலிகை. பாரதியார் பாடல்கள் புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கண்ணன் பாட்டில் 'கண்ணம்மா - என் குழந்தை' என்ற தலைப்பின் கீழே என்ன போட்டிருக்கிறது? ராகம் பைரவி, தாளம் ரூபகம். நீங்கள் முணுமுணுக்கும் மெட்டு பாரதியார் போட்டதில்லை. அது 1951-இல் வந்த 'மணமகள்' படத்துக்காக சி. ஆர். சுப்பராமன் அமைத்தது. எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினார்கள். அப்போது பாரதி மறைந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த மெட்டு அவ்வளவு நன்றாக இருந்ததால் கச்சேரி மேடைக்கும் வந்தது, கல்யாண வீட்டுக்கும் வந்தது. இன்று அதுவே 'ஒரிஜினல்' ஆகிவிட்டது. மாமா காப்பாற்றப் பார்ப்பதே ஒரு கவர்தான். சுப்பராமனுக்குக் கொடுத்த அனுமதியை என் தம்பி மகளுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

இது ஒரு பாட்டின் கதை இல்லை. 'நல்லதோர் வீணை'யை 1980-இல் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் எம். எஸ். விஸ்வநாதன் ஒரு விதமாகப் போட்டார். 1993-இல் 'மறுபடியும்' படத்தில் இளையராஜா வேறு விதமாகப் போட்டார். 1982-இல் 'ஏழாவது மனிதன்' படத்தில் எல். வைத்தியநாதன் பாரதி பாட்டுகளையே வைத்துப் படம் முழுக்க இசையமைத்தார். அதில் யேசுதாஸ் குரலில் வந்த 'காக்கைச் சிறகினிலே' இல்லாமல் எங்கள் பள்ளி ஆண்டு விழா ஒன்றுகூட நடந்ததில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் காதுக்குப் பிடித்த மெட்டில் பாடிப் பார்த்ததால்தான் நூறு வருஷம் கழித்தும் அந்தப் பாட்டுகள் நம் வாயில் இருக்கின்றன.

பாரதியாரே இதைச் செய்தவர். சுதேசிப் பாட்டுகளில் சிலவற்றை அவர் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மெட்டில் எழுதினார். ஊரெல்லாம் தெரிந்த மெட்டு, அதில் புதுச் சரக்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பாட்டின் வர்ணமெட்டு என்பதைத் தலைப்பிலேயே எழுதி வைத்தார். மெட்டை எடுத்துக்கொண்டார், யாரிடமிருந்து என்பதை மறைக்கவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் திரும்ப வருவேன்.

இனி, "யாரைக் கேட்டுப் பாடினாங்க?" என்ற கேள்வி. ஒரு காலத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. பாரதி பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை வியாபாரி ஒருவர் கையில் இருந்தது, பிறகு ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1947-இல் அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. நல்லதுதான். ஆனால் டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது வழக்கு வந்துவிட்டது. மகாகவி பாட்டைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதியா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். நாரண துரைக்கண்ணன் போன்றவர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்று ஓர் அமைப்பையே வைத்துப் போராடினார்கள். கடைசியில் செட்டியார் பணம் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதி நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அப்போது முதலமைச்சர் யார்? ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கள்ளக்குறிச்சியும் திண்டிவனமும் ஒரே தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலம் அது. நம்ம மாவட்டத்துக்காரர் திறந்துவிட்ட கதவு என்று நான் வகுப்பில் எப்போதும் பெருமையாகச் சொல்வேன். அந்தக் கதவு வழியாக ஆறு பிள்ளைகள் உள்ளே வந்தால் நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?

ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "அப்படியானால் 2017-இல் எஸ்.பி.பி.க்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பியது தப்பா டீச்சர்?" இல்லையப்பா. அது வேறு கணக்கு. தன் படைப்பு டிக்கெட் போட்டு விற்கப்படும்போது உயிரோடு இருக்கும் படைப்பாளி தன் பங்கைக் கேட்கிறார். அதில் சரி தவறை நீதிமன்றம் பார்க்கட்டும். சினிமாப் பாட்டுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தப்படி, ஒரு பாட்டு பதிவாகி ஐந்து வருஷம் கழிந்தபின் உரியவருக்கு முன்கூட்டித் தெரிவித்து, ராயல்டி கட்டி, வரியையும் இசையையும் இஷ்டத்துக்கு மாற்றாமல் கவர் வெளியிடலாம். உறையில் அது கவர் என்று சொல்லவும் வேண்டும். பாரதி பாட்டு வரிகளுக்கு இந்தக் கட்டெல்லாம் இல்லை. பிள்ளைகள் பாட்டைத் தேர்ந்தெடுத்ததிலேயே விவரமாக இருந்திருக்கிறார்கள்.

காணிக்கைத் தொகுப்பு ஒரு பாட்டுக்கு என்ன செய்யும் என்பதற்கு என் மகன் சொன்ன வெளிநாட்டுக் கதை ஒன்று. லெனார்ட் கோஹன் என்ற பாடகர் 1984-இல் 'ஹாலேலூயா' என்று ஒரு பாட்டுப் பாடினார். அந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தை அவருடைய கம்பெனியே அமெரிக்காவில் வெளியிட மறுத்தது. 1991-இல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை பல இளம் பாடகர்களைக் கூட்டி அவர் பாட்டுகளைப் பாட வைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் ஜான் கேல் என்பவர் 'ஹாலேலூயா'வைப் பாடினார். அதைக் கேட்ட ஜெஃப் பக்லி 1994-இல் தானும் பாடினார். அதன் பிறகுதான் அது உலகமெல்லாம் தெரிந்தது. மூலைக்குப் போன பாட்டைக் கவர் பாடியவர்கள்தான் தூக்கி வந்தார்கள். ஆனாலும் இன்றுவரை அது கோஹன் பாட்டுதான்.

இதையெல்லாம் புத்தகம் படித்து மட்டும் சொல்லவில்லை. நான் செய்த ஒரு தப்பிலிருந்தும் சொல்கிறேன்.

1988-இல் எனக்கு முதல் வேலை கல்வராயன் மலையில். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பஸ்ஸில் ஏறி, இறங்கியபின் நடந்து போக வேண்டிய ஊர். ஆசிரியர் பயிற்சியில் ஆர்மோனியத்தோடு சொல்லிக்கொடுத்த மெட்டில் பாப்பா பாட்டை இரண்டாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பிள்ளைகள் அதை வேறு மெட்டில் பாடுகிறார்கள். சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது அவர்கள் அம்மாக்கள் பாடுகிற மெட்டு. கைதட்டிக்கொண்டு, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, கூரை அதிர்ந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரம்பால் மேஜையில் தட்டி, "தப்பு, நிறுத்துங்க" என்றேன். அந்த வாரம் ஆய்வுக்கு அதிகாரி வருவதாக இருந்தது. நாலு நாள் உட்கார வைத்து 'சரியான' மெட்டைப் பழக்கினேன். ஆய்வன்று பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பிசகில்லாமல், சின்னக் குரலில் பாடினார்கள். அதிகாரி 'நன்று' என்று எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வகுப்பு இடைவேளையில் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. நான் சொன்னால் பாடுவார்கள், முடிந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது. மாமா, குழுவில் நீங்கள் எழுதியது அந்தப் பிரம்புச் சத்தம்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

இது வரைக்கும் பெரியவர்களுக்கு. இனிமேல் அந்த ஆறு பிள்ளைகளுக்கு. என் தம்பி மகளே, நீயும் கவனமாகப் படி.

அந்தத் தொகுப்பை நான் பகிர்ந்த மூன்றாம் நாள் மலையிலிருந்து ஒரு செய்தி வந்தது. அனுப்பியவள் அந்த 1988 இரண்டாம் வகுப்பில் எடுத்துக் கொடுத்துப் பாடிய பெண். இன்று அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். அவள் எழுதியது இவ்வளவுதான்: "டீச்சர், முதல் பாட்டு ஆரம்பத்துல பாடுறது எங்க அம்மா. அம்மாகிட்ட யாரும் சொல்லல."

திரும்பப் போட்டுக் கேட்டேன். முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் முக்கால் நிமிடம் ஒரு வயதான பெண்ணின் குரல். களை எடுக்கும் பாட்டு. நான் பிரம்பால் தட்டி நிறுத்திய அதே மெட்டு. முதல் தடவை கேட்டபோது, பாரதிக்கு முன்னால் நம் மலைப் பாட்டை வைத்திருக்கிறார்களே என்று பூரித்தேனே தவிர, இது யார் குரல் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதுவும் என் தப்புதான்.

கீழே விவரக் குறிப்பைப் படித்தேன். கிட்டார் வாசித்தவர், ஒலிக்கலவை செய்தவர், அட்டைப்படம் வரைந்தவர் என்று பதினோரு பெயர்கள். மைக் இரவல் கொடுத்தவருக்குக்கூட நன்றி. அந்த அம்மாவுக்கு மட்டும் 'பாரம்பரியப் பாடல், கல்வராயன் மலை'. போன் செய்து கேட்டபோது, குழுவில் ஒரு பையன் இரண்டு வருஷம் முன்பு மலைக்குச் சுற்றிப்பார்க்க வந்தபோது போனில் பதிவு செய்தது என்றாள் தம்பி மகள். "பேரு கேக்கலையாம் அத்தை. டீ வாங்கிக் குடுத்தானாம்."

பிள்ளைகளே, பாட்டு பாரம்பரியமானதாக இருக்கலாம். பாடியவர் பாரம்பரியம் இல்லை. அவருக்கு ரேஷன் கார்டு இருக்கிறது, வீடு இருக்கிறது, பெயர் இருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டை இயற்றியவர் தெரியாது, அதனால் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிப் பழகிவிட்டோம். இயற்றியவர் தெரியாமல் இருக்கலாம், உங்கள் பதிவில் பாடியவர் தெரியாதவரா? நேரே நின்று கேட்டிருக்கிறீர்கள்! சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. நிகழ்த்துகிறவரின் உரிமை 1994 முதல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பாடியவர் சம்மதம் இல்லாமல் அவர் குரலைப் பதிந்து வெளியிட முடியாது. இன்னார் பாடியது என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும் 2012 திருத்தத்தில் வந்துவிட்டது. பாரதி வரியில் அவ்வளவு விவரமாக இருந்த உங்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? வரியை எழுதியவர் மகாகவி, இவர் களை எடுக்கிற அம்மா. இதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

பெரிய இடத்திலும் இது நடக்கிறது. 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை உலகமே கேட்டது. தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அதை எழுதிப் பாடியவர் அறிவு. அந்த ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அந்தப் பாட்டைக் குறிப்பிட்டுப் படம் வந்தபோது அதில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், பலரும் கொதித்தார்கள். என் தம்பி மகளும் அப்போது ஸ்டேட்டஸ் போட்டாள், எனக்கு நினைவிருக்கிறது. அடுத்தவர் அட்டையில் விடுபட்ட பெயர் கண்ணுக்குத் தெரிந்தது. தன் அட்டையில் விடுபட்டது தெரியவில்லை.

மேலே பாரதியார் பற்றிச் சொன்னதற்கு இப்போது திரும்புகிறேன். மெட்டு எங்கிருந்து வந்தது என்று தலைப்பிலேயே எழுதியவருக்குச் செய்யும் காணிக்கை இது. அதில் ஒருவர் பெயரை விழுங்கினால் அது அவருக்குக் காணிக்கை ஆகாது. 'சின்னஞ்சிறு கிளியே' குறிப்பிலும் 'பாடல்: பாரதியார்' என்று நிறுத்திவிட்டாய். நடுவில் ஓர் இடத்தில் சுப்பராமன் மெட்டின் சாயல் வருகிறது. அவர் பெயரும் வர வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது.

ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான், என் தம்பி மகள், பதிவு செய்த பையன் மூவரும் மலைக்குப் போகிறோம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்குச் சந்திப்பு. அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து முழுத் தொகுப்பையும் போட்டுக் காட்டுவார்கள். சம்மதம் கேட்பார்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த முக்கால் நிமிடத்தை எடுத்துவிட வேண்டும். "ஆனா அதுதான் ஆல்பத்துக்கே அழகு" என்ற பேச்சு வரக்கூடாது.

இரண்டு. சம்மதித்தால் அவர் பெயர் பட்டியலில் முதலில் வர வேண்டும். அவர் குரல்தானே முதலில் வருகிறது? அதனால்தான் இந்தப் பதிவில் நான் அவர் பெயரை எழுதவில்லை. அவர் சரி சொன்ன பிறகு, அவர் பாடிய பாட்டின் கீழேதான் அது முதலில் வர வேண்டும்.

மூன்று. வருமானம் வந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இதுவரை ஒன்றும் வரவில்லை என்கிறாள், நம்புகிறேன். வந்தபின் கணக்குப் பார்க்கலாம் என்று விடாமல் இப்போதே எழுதி வையுங்கள்.

நான்கு. அது முடியும்வரை என் பக்கத்திலிருந்து அந்த இணைப்பை எடுத்துவிட்டேன். பாட்டு பிடிக்காமல் எடுக்கவில்லை. மாமாக்கள் தங்களுக்கு வெற்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்து. குழுவில் அவளைத் திட்டியவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. "தாளம் தள்ளாடுது", "உச்சரிப்பு சரியில்லை" என்று சொல்லுங்கள், நானே அவளிடம் இரண்டு இடத்தில் ழகரம் சொல்லியிருக்கிறேன். பாடவே கூடாது என்று சொல்லும் உரிமை 1949-லேயே போய்விட்டது.

மலையில் அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்று உங்கள் மெட்டைத் தப்பு என்று சொன்ன டீச்சர் நான்தான். தப்பு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது, உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து பாப்பா பாட்டை உங்கள் மெட்டில் ஒரு தடவை பாடிக் காட்டுங்கள். நான் கைதட்டிக்கொண்டு பின்னால் பாடுகிறேன். யாரும் போனில் பதிவு செய்ய வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்